இருக்கையும் எழுத்தும்: பணிமனை அமைப்பில் தமிழுக்குள்ள உரிமை



மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் நோக்கிச் செல்லும் பெருவழியில் உள்ள கப்பலூர் இன்று ஓர் ஊர்ப்பெயர் மட்டுமன்று. ஒரு தொழிற்களத்தின் பெயருமாகும். கலைத்தந்தை கருமுத்து தியாகராசர் 1936 ஆம் ஆண்டில் தோற்றுவித்த நூற்பாலை இவ்வூரில் உள்ளது. தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டையும் இவ்வூரில் உள்ளது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் நாள்தோறும் இங்கு வந்து, தம் விழிப்பு நேரத்தின் பெரும்பகுதியை நான்கு சுவர்களுக்குள் செலவிட்டுத் திரும்புகின்றனர். வீட்டில் இருக்கும் பொழுதினும் பணிமனையில் இருக்கும் பொழுதே அவர்களுக்கு மிகுதி.

அந்த நான்கு சுவர்களை அமைத்தவர் யார்? உழைப்பாளி நிற்க வேண்டிய இடத்தையும் இருக்க வேண்டிய இடத்தையும் எண்ணிப் பார்த்தவர் யார்? காற்று வர வேண்டிய வழியை வகுத்தவர் யார்? அச்சுவரில் எழுதப்பெற்றுள்ள எழுத்து யாருக்காக எழுதப்பெற்றது? இவ்வினாக்களை எழுப்புவதே இப்பொழிவின் நோக்கம்.

பணிமனை அமைப்பும் அறைகலன்களும் பொறிஞர்க்குரிய செய்தி என்றும், மொழி புலவர்க்குரிய செய்தி என்றும் பிரித்துப் பேசுவது பலர்க்கும் பழக்கமாகிவிட்டது. அப்பிரிவு பொய்ப் பிரிவு. இருக்கை உழைப்பாளியின் உடலுக்குத் தரும் மதிப்பு; எழுத்து அவனது அறிவுக்குத் தரும் மதிப்பு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுப்பவன் உழைப்பாளியை அரை மாந்தனாகவே மதிக்கின்றான்.

கட்டட அமைப்பறிவு மேலை நாட்டார் கொண்டுவந்து கொடுத்தது என்று எண்ணுவார் உளர். அன்னார் மதுரை மண்ணின் பழைய இலக்கியத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டதென உரையாளர் கூறும் நெடுநல்வாடையில், அரண்மனை கட்டத் தொடங்குமுன் இரு கோல்களை நட்டு, நிழல் ஒருபக்கமும் சாயாத நண்பகற் பொழுதில் திசையறிந்து, நூலறி புலவர் கயிறிட்டு அளந்து, இடம் வகுத்த முறையை நக்கீரர் விரித்துரைக்கின்றார். வாடை வீசும் காலத்தில் எந்த வாயிலை அடைப்பது, எங்கே நெருப்பு மூட்டிக் குளிர்காய்வது என்பன போன்ற செய்திகளும் அங்கே பேசப்படுகின்றன. மாங்குடி மருதனாரின் மதுரைக் காஞ்சியோ அறங்கூறு அவையத்தையும் அங்காடிகளையும் தனித்தனியே காட்டுகின்றது. எந்த வேலைக்கு எந்த இடம் என்று வகுத்தறிந்து வாழ்ந்த மக்கள் இவர்கள். இடவமைப்பு தமிழர்க்கு இரவற் கலையன்று.

இவ்வறிவு நூல்களில் மட்டும் தங்கிவிடவில்லை, சொற்களிலேயே தங்கியிருக்கின்றது. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு தனிப்பெயர்! இந்நான்கு பெயரையும் அறிந்த கொத்தனுக்கு எந்தச் சுவரைத் திறப்பது, எந்தச் சுவரை மூடுவது என்று வேறொருவர் சொல்ல வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்தில் வரும் காலதர் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்றுக்கு வழி என்பதே அதன் பொருள். அச்சொல்லைப் பயிலும் சிறுவன் சொல்லை மட்டுமா பயில்கின்றான்? காற்று வாராத இடத்தில் வைத்த சட்டம் காலதர் ஆகாது என்னும் கட்டட நெறியையும் சேர்த்தே பயில்கின்றான். பல கண்களை உடையது பலகணி. இழுத்துத் திறப்பது இழுப்பறை. திறக்கும் கோல் திறவுகோல். காலைத் தாங்குவது கால்தாங்கி. பொருளின் வேலையைச் சொல்லே சொல்லிவிடுகின்றது.

இனி இன்றைய அலுவலகத்துள் நுழைந்து பாருங்கள். சன்னல் என்பது போர்த்துகீசியச் சொல். சாவி போர்த்துகீசியச் சொல். அலமாரி போர்த்துகீசியச் சொல். கடல்கடந்து வணிகம் செய்ய வந்தவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் இவை. அவற்றின்மேல் ஆங்கிலச் சொற்கள் வந்து குவிந்தன. இன்று ஓர் அலுவலகத்தில் சேர், டேபிள், ரேக், கேபின், சுவிட்சு, லாக்கர் என்று அடுக்கினால், தமிழில் எஞ்சியிருப்பது கதவும் சுவரும் கூரையுமே. கதவைத் திறந்தவுடனே தமிழ் வாயிலில் நின்றுவிடுகின்றது. உள்ளே செல்ல அதற்கு ஒப்புதல் இல்லை!

'சன்னல் என்றால் எல்லார்க்கும் புரிகிறதே, அதை மாற்றுவானேன்?' என்று கேட்பாருக்கு விடை சொல்ல வேண்டியது கடமை. புரிகிறது என்பது உண்மையே. ஆனால் பழக்கத்தால் புரிகிறதேயன்றிப் பொருளால் புரியவில்லை. கோப்பு என்னும் சொல்லைக் கண்டு ஒருகாலத்தில் நகைத்தவர்கள் இருந்தார்கள். பைல் என்றால்தான் புரியும் என்றார்கள். இன்று அரசு அலுவலகங்களில் கோப்பு என்னாமல் வேறு என்ன சொல்கின்றனர்? சுற்றறிக்கை, பதிவேடு, அலுவலகம் முதலியனவெல்லாம் இன்று இயல்பான சொற்கள். 1956 ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும், அதனையடுத்து 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆட்சிச் சொல்லகராதியும், நகராட்சி ஆணையராக இருந்துகொண்டே ஆட்சித் தமிழுக்கு உழைத்த கீ. இராமலிங்கனார் போன்றோரின் தொண்டும் அவ்வியல்பை உண்டாக்கின. சொல் தானாக வாழ்வதில்லை. அதை எழுதுவாரும் சொல்வாரும் இருந்தால்தான் வாழும்.

அதே வேளையில் வெறும் சொல்வேட்டையில் இறங்கிவிடுவதும் பயனில்லை. மேசை என்பதை மிசை என்னும் தமிழ்ச்சொல்லோடு இயைத்துக் காட்டுவாரும் உளர். போர்த்துகீசியத்தின் மேசா என்பாரும் உளர். அவ்வாராய்ச்சியை அறிஞர்கள் நடத்தட்டும். திறவுகோலும் பலகணியும் இழுப்பறையும் நாற்காலியும் ஐயத்திற்கிடமின்றிக் கையில் இருக்கும்போது, அவற்றைப் பயன்படுத்தாமல் ஐயத்திற்குரிய ஒரு சொல்லைக் காட்டி முழு முயற்சியையும் நகையாடுவது நேர்மையாகாது.

சொல்லை விட்டு இனி இடத்திற்கு வருவோர்க்கு ஒரு கணக்கு. ஒரு பணியறையில் எத்தனைப் பேரை வைக்கலாம்? 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதற்கு ஓர் அளவு வகுத்தது. புதிதாகக் கட்டப்படும் தொழிற்சாலையில் ஓர் உழைப்பாளிக்கு 500 கன அடி இடம் வேண்டும் என்றது. பின்னர் அது 14.2 கன மீட்டர் என எழுதப்பெற்றது. இக்கணக்கில் தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைச் சேர்க்கக் கூடாது என்றும் அச்சட்டம் விதித்தது. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் 4.2 மீட்டரே கணக்கில் சேரும். பெருக்கினால் 252 கன மீட்டர். அதை 14.2 ஆல் வகுத்தால் 17 பேர்க்கு மேல் அங்கே இடமில்லை. கூரையை உயர்த்திக் காட்டி ஆளைக் கூட்டும் சூழ்ச்சிக்கு அச்சட்டம் இடம் கொடுக்கவில்லை. இவ்வளவு எளிய கணக்கை எத்தனை உழைப்பாளிகள் அறிவர்? அறியாமைக்குக் கரணியம் அவர்களின் அறிவுக்குறை அன்று. கணக்கு அவர்கள் மொழியில் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை என்பதே.

ஆனால் அதே சட்டம் மற்றொன்றையும் சொன்னது. அதுதான் இங்கே உற்றுநோக்கத் தக்கது. அச்சட்டத்தின் சுருக்கத்தையும் அறிவிப்புகளையும் ஆங்கிலத்திலும், தொழிற்சாலையில் உள்ள பெரும்பான்மை உழைப்பாளர்க்குப் புரியும் மொழியிலும் எழுதி, வாயிலருகே எல்லாரும் காணும் இடத்தில் வைக்க வேண்டும் என்று அதன் 108 ஆம் பிரிவு கூறியது. தீப்பற்றினால் தப்பிச் செல்லும் வாயிலையும் பலகணியையும் பெரும்பான்மையோர்க்குப் புரியும் மொழியில், போதிய அளவுள்ள சிவப்பு எழுத்தில், அல்லது தெளிவாக விளங்கும் வேறு குறியால் அடையாளமிட வேண்டும் என்றும் அச்சட்டம் இயற்றப்பட்டபோது அதில் எழுதப்பெற்றிருந்தது. காற்றையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் ஒரே நோக்கத்தோடு வைத்தவர்கள் தமிழ்ப் பற்றாளர்கள் அல்லர். தில்லியில் இருந்த சட்டம் இயற்றுவோர். உழைப்பாளியின் மொழி அவன் உயிர்க்காப்பின் ஒரு பகுதி என்று அவர்களும் உணர்ந்திருந்தனர் என்பதே இதன் பொருள். 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் அப்பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். பிரிவின் எண் மாறலாம். எரியும் அறையில் இருப்பவனுக்கு எந்த மொழி புரியும் என்னும் கேள்வி மாறுவதில்லை.

பஞ்சுள்ள இடத்தில் தீ என்பது கதையன்று. நள்ளிரவுப் பணிமுறையில், வேலைக்குச் சேர்ந்து பத்து நாளும் ஆகாத ஓர் இளம்பெண், பொறியின் அடியில் புகை எழுவதைக் காண்கின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் சிவந்த நிறத்தில் தீயணைப்பான் தொங்குகின்றது. அதன்மேல் மூன்று கட்டளைகள் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றுள்ளன. அவை என்ன? ஊசியை இழு, குழல்முனையைத் தீயின் அடிப்பகுதிக்கு நேரே பிடி, பிடியை அழுத்து. இவ்வளவே! மூன்று சிறு தொடர்கள்! மின்பொறியில் எழுந்த தீயில் நீரை ஊற்றாதே என்பது நான்காவது. இந்நான்கு தொடர்களும் தமிழில் இருந்தால் அவள் படிப்பாள், செய்வாள், பிழைப்பாள், உடனிருப்போரையும் பிழைக்க வைப்பாள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அவள் ஓடிப்போய் மேற்பார்வையாளரைத் தேடுவாள். அந்த ஓட்டத்தின் நேரத்தில் தீ காத்திருக்குமா? தமிழ் வேண்டும் என்பதை வெறும் உணர்ச்சி என்று சொல்பவர்கள் அப்பெண்ணின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்கட்டும்.

அலுவலக அமைப்பில் மேலைநாட்டு வழக்கத்தைக் கண்மூடிப் பின்பற்றுவதன் கேட்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1950களின் இறுதியில் செருமனியில், சுவர்களை நீக்கி, செடிகளையும் இருக்கைகளையும் வேலையின் போக்கிற்கேற்ப விரவி வைக்கும் திறந்தவெளி அலுவலக முறை தோன்றியது. 1960களில் அமெரிக்காவின் எர்மன் மில்லர் நிறுவனத்திற்காக இராபர்ட்டு புரோப்சுட்டு என்பவர் பணியாளர் நின்றும் இருந்தும் வேலை செய்யத்தக்க, மாற்றியமைக்கத்தக்க அறைகலன் தொகுதியை வகுத்தார். அவரது நோக்கம் உழைப்போனுக்கு உரிமை கொடுப்பது. ஆனால் நிறுவனங்கள் அதை எடுத்து, செலவைக் குறைக்கும் பொருட்டு மாந்தரை அடைக்கும் சிறுசிறு பெட்டிகளாக்கிவிட்டன. தம் படைப்பு அவ்வாறு ஆனதைக் கண்டு புரோப்சுட்டே தம் முதுமையில் அதனைப் பித்துச் செயல் என்று கடிந்துகொண்டார். வகுத்தவனே வெறுத்த பெட்டிகளை வளர்ச்சியின் அடையாளமென்று மதுரைச் சமவெளியில் இறக்குமதி செய்வது எத்துணைப் பேதைமை!

1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இத்துறைக்கென ஒரு தொழிற்கழகம் தோன்றியது. 2018 ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தர அமைப்பு இதற்கென ஒரு தரத்தையே வெளியிட்டது. கட்டடத்தையும் ஏந்துகளையும் பேணுதல் இன்று உலகளாவிய ஒரு தனி அறிவுத்துறை. அவ்வறிவைப் புறக்கணிக்கச் சொல்வார் இங்கு எவருமிலர். அறிவை எங்கிருந்தும் கொள்ளலாம். ஆயின் அறிவைக் கொள்வது வேறு, தோற்றத்தைக் கொள்வது வேறு. குளிர்நாட்டில் கதிரவன் ஒளியை உள்ளே இழுப்பதற்காகக் கண்ணாடிச் சுவர் எழுப்புகின்றனர். சித்திரைக் கதிரவன் சுட்டெரிக்கும் இம்மண்ணில் மேற்குப் பக்கத்தைக் கண்ணாடியால் மூடிவிட்டு, உள்ளே புகுந்த வெப்பத்தை விரட்டக் குளிர்பொறியை இயக்கி, அதற்கு மின்கட்டணமும் கட்டுவது அறிவா? அது தோற்றத்தைக் கொண்டு அறிவை விட்ட செயல்.

இவ்வட்டாரத்தில் ஒரு பணிமனையையோ அலுவலகத்தையோ அமைப்பவர் கருத வேண்டியவை கடினமானவை அல்ல. நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கி இருக்க வேண்டும். குறுகிய சுவர்கள் கிழக்கும் மேற்கும் நோக்க வேண்டும். மேற்குச் சுவரில் மாலை வெயிலைத் தடுக்கத் தாழ்வாரமோ மரநிழலோ வேண்டும். பொருள் வைப்பறையையும் படிக்கட்டையும் மேற்கில் வைத்தால் அவை வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். மாந்தர் இருக்கும் அறை தப்பும். காற்று நுழையும் காலதருக்கு எதிரே காற்று வெளியேறும் வழியும் வேண்டும். வெளியேறும் வழியில்லாத காற்று நுழைவதுமில்லை. எதிரெதிர்ப் பலகணிகளுக்கிடையில் உயர்ந்த நிலைப்பேழைகளை வைத்து மறிப்பது, வீட்டைக் கட்டிக் கதவில் சுவரெழுப்புவதை ஒக்கும்.

எழுதுவோனுக்கு ஒளி இடப்பக்கமிருந்து வர வேண்டும். அப்போதுதான் எழுதும் வலக்கையின் நிழல் தாளின்மேல் விழாது. கணிப்பொறித் திரைக்கு நேர்ப்பின்னாலோ நேரெதிரிலோ பலகணி இருந்தால் கண் கூசும். பக்கவாட்டில் இருத்தல் நலம். எழுதும் மேசையின் உயரம் ஏறத்தாழ 72 முதல் 75 சென்டிமீட்டர் வரையும், இருக்கையின் உயரம் ஏறத்தாழ 40 முதல் 45 சென்டிமீட்டர் வரையும் அமைவது பொதுவழக்கு. ஆனால் அளவைவிட ஆளே தலைமை. உயரம் குறைந்த பெண்ணொருத்தியை உயர்ந்த நாற்காலியில் இருத்தினால் அவள் கால்கள் தரையில் படாமல் தொங்கும். தொடையின் அடிப்புறம் அழுந்தும். மாலையில் கால் மரத்துப்போகும். அதற்கு விலைமிக்க மாற்று நாற்காலி கூடத் தேவையில்லை. ஒரு சிறு மரக் கால்தாங்கி போதும். அதைச் செய்யத் தெரிந்த தச்சர் ஊரிலேயே இருக்கின்றனர். கேட்பவர்தாம் இல்லை.

கட்டுவதோடு வேலை முடிவதில்லை, பேணுதலே பெரும்பணி. பஞ்சுத்தூசு படிந்த விளக்கு பாதி ஒளியைத் தானே விழுங்கிவிடும். துடைப்பதற்கு நாள் குறித்த பதிவேடு வேண்டும். குடிநீர்த் தொட்டி கழுவிய நாள், தீயணைப்பானை ஆய்ந்த நாள், மின்கம்பி பார்த்த நாள் ஆகியவற்றை அவ்விடத்திலேயே தமிழில் எழுதித் தொங்கவிட்டால், உழைப்பாளி ஒவ்வொருவனும் அதனைக் கண்காணிப்பவனாக மாறிவிடுவான். ஆங்கிலப் பதிவேடு மேலாளரின் இழுப்பறையில் உறங்கும். தமிழ்ப் பதிவேடு சுவரில் விழித்திருக்கும். கணக்கை எல்லாரும் படிக்க முடிந்தால் பொய்க்கணக்கு எழுதுவதும் அரிதாகும்.

இருக்கையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெரிய துணிக்கடைகளிலும் அணிகலன் கடைகளிலும் பெண்கள் காலைமுதல் இரவுவரை நின்றுகொண்டே வேலை செய்தார்கள். வாங்க ஆள் இல்லாத நேரத்திலும் அவர்கள் உட்காரக்கூடாது. கால் வீங்கினாலும் நரம்பு புடைத்தாலும் நிற்க வேண்டும். இருக்கை இல்லாமையாலன்று, இருக்க விடாமையால்! 2018 ஆம் ஆண்டில் கேரளமும், 2021 ஆம் ஆண்டில் தமிழ்நாடும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்க்கு இருக்கை வைக்க வேண்டும் என்றும், வேலையினிடையே வாய்ப்பு நேரும்போது அவர்கள் அமர இடமளிக்க வேண்டும் என்றும் விதித்தன. இருப்பதற்கு ஓர் உரிமைச் சட்டம் வேண்டியதாயிற்று என்றால், அதுவரை நின்றவர்களின் துன்பத்தை எண்ணிப் பாருங்கள்.

சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் முரசுகட்டில் இருந்தது. அரசனது வீரமுரசு வைக்கப்பெறும் தூய கட்டில் அது. வழிநடந்து களைத்த புலவர் மோசிகீரனார் அதன் தன்மை அறியாமல் அதன்மேல் படுத்துத் தூங்கிவிட்டார். பிறராயின் வாளால் வெட்டத்தகும் குற்றம் அது. சேரமானோ வாளை எடுக்காமல் கவரியை எடுத்து, அவர் உறங்கி எழும்வரை தன் கையால் விசிறி நின்றான். புறநானூறு இதனைப் போற்றி வைத்திருக்கின்றது. கட்டிலின் சிறப்பைவிட களைத்த உடம்பின் தேவை பெரிது என்று கண்டவன் அவ்வேந்தன். அவன் வழிவந்த நாட்டில், வெறும் முக்காலியில் ஒரு பெண் அமர்வதற்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பது யாருக்கு இழிவு?

இனி உரிமைக்கு வருவோம். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் அரசு அலுவலகத்திற்குள் தமிழைக் கொண்டுவந்தது. கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்றும், தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை ஐந்துக்கு மூன்றுக்கு இரண்டு என்னும் அளவில் அமைய வேண்டும் என்றும் அரசு நெறி வகுத்துள்ளது. அது கடைக்கு வெளியே; கண்காட்சிக்கு உரியது. தனியார் பணிமனையின் உள்ளே என்ன மொழி? அங்கே பணி ஆணை, விடுப்புப் படிவம், சம்பளச் சீட்டு, பொறியின் கையேடு, மின்பலகையின் குறிப்பு, தீவாயிலின் எழுத்து எந்த மொழியில்? வெளியே பலகையில் தமிழைப் பெரிதாக எழுதிவிட்டு உள்ளே உழைப்பாளிக்குப் புரியாத மொழியில் கட்டளையிடுவது, வாயிலில் தோரணம் கட்டிவிட்டு விருந்தினரைப் பட்டினியிடுவது போன்றதாகும்.

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தைப் பாருங்கள். ஆங்கிலக் கடலின் நடுவே பிரெஞ்சு பேசும் ஒரு தீவு அது. அங்கே தொழிற்சாலை உழைப்பாளிகள் பிரெஞ்சு மக்களாயிருந்தும் பணிமொழி பெரிதும் ஆங்கிலமாகவே இருந்தது. 1977 ஆம் ஆண்டில் அம்மாநிலம் பிரெஞ்சு மொழிச் சட்டத்தை இயற்றி, தம் பணியைப் பிரெஞ்சு மொழியில் செய்ய உழைப்பாளர்க்கு உரிமை உண்டு என்று அறிவித்தது. பெயர்ப்பலகையோடு நில்லாமல் பணிமனைக்குள்ளேயே சட்டத்தைக் கொண்டு சென்றார்கள். அதனால் தொழில் அழிந்துவிடவில்லை. சிங்கப்பூரில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் இடரை உணர்த்தும் பலகைகள் நான்கு மொழிகளில் நிற்கின்றன; அந்நான்கில் தமிழும் ஒன்று. கடல்கடந்த நாட்டில் தமிழனை அவன் மொழியில் காக்கின்றனர். கப்பலூரில் தமிழனைக் காக்க எந்த மொழி தடையாக நிற்கின்றது?

வடபுலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளிகளும் இன்று தமிழ்நாட்டுப் பணிமனைகளில் உள்ளனர். அவர்களுக்கு என் செய்வது என்று சிலர் கேட்கின்றனர். தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும். இஃது இம்மண்ணின் உரிமை. ஆயின் உயிர்க்காப்பு எழுத்து அவ்வுழைப்பாளியின் தாய்மொழியிலும் அதன் கீழே இருக்கட்டும். தீ இனம் பார்த்து எரிவதில்லை. தன் மொழிக்கு உரிமை கேட்பவன் பிறன் மொழியால் ஓர் உயிர் பிழைப்பதைத் தடுக்கமாட்டான். தடை செய்ய வேண்டியது எவருடைய தாய்மொழியுமல்லாத ஓர் அயல்மொழி மட்டும் சுவரை முழுமையாக அடைத்துக்கொண்டு நிற்பதையே.

எனவே இங்குக் கூடியிருக்கும் உழைப்பாளத் தோழர்கள் செய்ய வேண்டியவை இவை. முதலாவது, தத்தம் பணியறையை அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். இரண்டாவது, தப்பும் வாயில்கள் எத்தனை, அவை பூட்டப்பட்டுள்ளனவா, பொருள்களால் அடைபட்டுள்ளனவா, அவற்றின்மேல் எந்த மொழி உள்ளது என்று குறியுங்கள். மூன்றாவது, நின்று வேலை செய்வோர்க்கு அருகே இருக்கை உண்டா என்று பாருங்கள். நான்காவது, சுவரில் உள்ள அறிவிப்புகளில் தமிழில் இல்லாதவற்றைப் பட்டியலிடுங்கள். ஐந்தாவது, அவற்றைத் தூய எளிய தமிழில் எழுதிக் கொடுக்க ஊரிலுள்ள தமிழாசிரியரையும் தேர்ந்த தொழிலாளியையும் ஒருங்கே அமரச் செய்யுங்கள். புலவர் மட்டும் எழுதினால் பொறி புரியாது. பொறிஞர் மட்டும் எழுதினால் மொழி புரியாது. ஆறாவது, பட்டியலையும் தமிழாக்கத்தையும் ஆலை உரிமையாளரிடம் பணிவோடும் உறுதியோடும் கொடுங்கள். பல உரிமையாளர் தமிழரே; கேட்டால் செய்யக்கூடியவர்களே. கேட்காமல் இருந்துவிட்டுப் பழிப்பது முறையன்று. கேட்டும் செய்யாதவரிடம் தொழிற்கழகத்தின் வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் மீண்டும் கேளுங்கள்.

இப்பணிக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு வாளிச் சிவப்பு வண்ணம், ஒரு தூரிகை, சில பலகைகள், ஒரு தச்சரின் இரண்டு நாள் உழைப்பு. இவை போதும்.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1981 ஆம் ஆண்டில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய பின், அம்மதுரையிலேயே உயிர்நீத்தார். ஒவ்வொரு சொல்லின் வேரையும் தேடித் தம் வாழ்நாளையே அவர் தேய்த்தார். அவர் மீட்டுக் கொடுத்த சொற்கள் அகரமுதலியின் ஏட்டிலேயே அடங்கிவிட்டால் அவருழைப்பு பாதியே பயன்படும். அச்சொற்கள் மின்விசைப் பலகையிலும், மருந்துப் பேழையிலும், தீவாயிலின் மேலும், உழைக்கும் பெண்ணின் இருக்கைக்கு அருகிலும் எழுதப்பெறும் நாளில்தான் அது முழுமை பெறும்.

காற்றுக்கு வழி வைத்தவன் தமிழன். அவ்வழிக்குக் காலதர் என்று பெயர் வைத்தவனும் தமிழன். அவன் பேரன் காற்றில்லாத அறையில், படிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் நின்றுகொண்டிருக்கின்றான். அவனுக்குக் காற்றும் வேண்டும், இருக்கையும் வேண்டும், எழுத்தும் வேண்டும். நாளை காலைப் பணிமுறை தொடங்குமுன், ஒவ்வொருவரும் தத்தம் அறையின் வாயிலில் ஒரு நொடி நின்று, சுவரை நிமிர்ந்து பாருங்கள். அங்கே தமிழ் இல்லையென்றால், வேலை அங்கிருந்தே தொடங்குகின்றது.

வாழ்க உழைப்பாளர்! வெல்க தமிழ்!